படக்கதைக்குள் வந்த சாமிகள்

"பிள்ளைக்குத் தமிழ் விளங்கும், வாசிக்கத்தான் மாட்டுது. நம்ம சாமிக் கதைகள் படத்தோடு இருக்கிற நல்ல புத்தகம் ஏதும் இருக்கா?"

நமது சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி டொரொன்டோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் மாறி மாறி வருகிறது. இப்போது ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இருக்கும் தங்கைமாரும் இதையே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நான் வைத்தியர். தமிழோ வரலாறோ முறையாகப் படித்தவளில்லை. ஆனால் நாற்பது வயது தாண்டியும் படக்கதை வாசிப்பதை விடாதவள் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். அதனால் மலர்க்குழுவினர் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுப்பது எளிது. அதைவிட, இந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தன, நம்முடைய கதைகளில் எவை அவற்றுக்குள் போயின, எவை வெளியே நின்றன என்று சொல்வதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் லயத்துச் சுவரிலிருந்து தொடங்குவோம். நாம் மனத்தில் வைத்திருக்கும் தெய்வ முகங்களில் பெரும்பாலானவை அச்சகங்கள் தந்தவை. 1894இல் ரவிவர்மாவின் அச்சகம் பம்பாயில் தொடங்கப்பட்டது. அவர் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய லட்சுமியும் சரஸ்வதியும் அங்கே அச்சாகி ஊர் ஊராக விலைபோனார்கள். அதுவரை கருவறைக்கு வெளியே எட்ட நின்று கும்பிட்ட தெய்வம் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தது. பிற்பாடு தெற்கே கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமிப் படங்கள் சிவகாசியில் கலண்டர்களாக அச்சாகிக் கடல் தாண்டின. அடுப்புப் புகை படிந்து பழுப்பேறிய முருகன் படம் ஒன்று நம்மில் பலருடைய பழைய வீட்டுக் காம்பிராவில் இருந்திருக்கும். அந்த முருகனின் கன்னமும் கண்ணும் அனேகமாகக் கோவில்பட்டி வழிவந்தவையே.

சுவர்ப் படம் ஒரு கணத்தைத்தான் காட்டும். கதை சொல்லும் படத்துக்கு நம்மிடையே மூத்தது பெரிய எழுத்துப் புத்தகம். சென்னையில் இரத்தின நாயகர் அன்ட் சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மதுரைவீரன் கதை என்று மலிவுத் தாளில் அச்சிட்டு விற்றவை அவை. மங்கிய விளக்கு வெளிச்சத்திலும் வாசிக்கத்தக்க பருமனான எழுத்து, இடையிடையே கறுப்புக் கோட்டுப் படங்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் இராகம் போட்டு வாசிக்க, லயமே கூடிக் கேட்கும். எங்கள் அப்பாயிக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. படத்தைப் பார்த்தே எந்தப் பக்கத்தில் நல்லதங்காள் எந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று சொல்லிவிடுவார். படக்கதை என்பது மேற்கிலிருந்து வந்து நம்மைத் திருத்திய சரக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு அப்பாயிதான் ஞாபகத்துக்கு வருவார்.

அம்புலிமாமா 1947 ஜூலையில், இந்தியா சுதந்திரம் பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, சென்னையில் பிறந்தது. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் சந்தமாமா என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் தொடங்கினார்கள். பின்னர் பல மொழிகளில் வந்தது. நமது நாட்டுச் சிங்களப் பிள்ளைகளுக்கும் அம்பிலிமாமா என்ற பெயரில் கிடைத்தது. அது கட்டம் கட்டிய படக்கதை அல்ல. ஒரு பக்கத்தில் எழுத்தும் அதற்குள் ஒரு படமுமாக இருக்கும். ஆனால் தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனின் படத்தை மறந்தவர் உண்டா? அதை வரைந்த சங்கர் 1924இல் பிறந்து, 2020இல் தமது 96ஆவது வயதில்தான் காலமானார். அவர் இறந்த பிறகே பத்மஸ்ரீ விருது வந்தது என்பது அரசுகளின் வழக்கமான வேகம்.

இடையில் நமக்கு ஒரு தடங்கல் நேர்ந்தது. 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியது. உள்ளூர் எழுத்துக்கு அது நன்மை செய்தது என்பார்கள்; வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகியது அந்தக் காலத்தில்தான். ஆனால் சிறுவர்களுக்கான புராணப் படக்கதையில் அப்படியொரு வளர்ச்சி ஏற்பட்டதாக நான் காணவில்லை. 1977க்குப் பிறகு கதவு திறந்தபோது மறுபடியும் இந்தியப் புத்தகங்களே வந்தன. எனது தலைமுறை அப்படி வந்தவற்றை வாசித்து வளர்ந்ததுதான்.

அவற்றில் முக்கியமானது அமர் சித்திரக் கதை. அனந்த் பை இரசாயனப் பொறியியல் படித்தவர். டைம்ஸ் ஒஃப் இந்தியா நிறுவனம் 1964இல் இந்திரஜால் கொமிக்ஸைத் தொடங்கி வேதாளர் மாயாத்மாவை இந்தியப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தியபோது அங்கே வேலை பார்த்தவர். 1967 பெப்ரவரியில் டில்லியில் ஒரு கடையில் இருந்த தொலைக்காட்சியில் வினாவிடைப் போட்டி ஒன்றைப் பார்த்திருக்கிறார். கிரேக்கக் கடவுளரைப் பற்றிக் கேட்டதற்குச் சட்டென்று பதில் சொன்ன பிள்ளைகளுக்கு இராமனுடைய தாயின் பெயர் தெரியவில்லை. அந்த வருத்தத்தில் பிறந்ததே அமர் சித்திரக் கதை என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இந்தியா புக் ஹவுஸ் வெளியிட முன்வந்தது. முதல் பத்து இலக்கங்களும் சின்ட்ரெல்லா போன்ற மேற்கத்தியக் கதைகள். 11ஆவதாக வந்த கிருஷ்ணன்தான் நமது கதைகளின் தொடக்கம். ராம் வாயீர்கர் வரைந்தது. அதற்குப் பின்னால் சகுந்தலை, பாண்டவ இளவரசர்கள், சாவித்திரி, இராமர், நளதமயந்தி என்று வரிசை கட்டின. 1980களில் மகாபாரதம் மட்டும் 42 பகுதிகளாக வந்தது. தமிழில் அவற்றைப் பைகோ நிறுவனத்தார் பூந்தளிர் அமர் சித்திரக் கதைகள் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். பூந்தளிர் சஞ்சிகைக்கு வாண்டுமாமா ஆசிரியர். அவருடைய தமிழில் வளர்ந்தவர்கள் பாக்கியசாலிகள்.

ஒரு புராணத்தை 32 பக்கத்துக்குள் அடக்குவது சாதாரண வேலையல்ல. பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம். கட்டத்துக்கு இரண்டு வரி பேச்சு. எதை விடுவது என்பதுதான் முதல் தீர்மானம். கிருஷ்ணனைப் பற்றிய முதல் புத்தகத்தில் அனந்த் பை அற்புதங்களைக் குறைத்தே காட்டினார் என்றும், வாசகர் விருப்பத்துக்கு இணங்கிப் பிந்திய பதிப்பில் அவற்றைக் கூட்டினார் என்றும் இதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். விடப்பட்டது, சேர்க்கப்பட்டது இரண்டும் பிள்ளைக்குத் தெரியாது. அச்சில் கண்டதையே புராணம் என்று அது நம்பும். எனக்கும் நீண்ட காலம் இராமாயணம் என்றால் அந்தப் புத்தகம்தான். அதில் பொன்மாளிகையும் கோட்டையும் கொண்ட இலங்கை இருந்தது. சீதா எலியவில் ஆற்றங்கரையில் இருக்கும் சீதை அம்மன் கோயிலுக்கும், பின்னால் நிற்கும் ஹக்கலை மலைக்கும், அங்கே காதை அறுக்கும் குளிருக்கும் அந்தப் படங்களில் இடமிருக்கவில்லை. அசோகவனத்தில் சீதைக்குக் குளிர்ந்திருக்கும் என்று மும்பாயில் இருந்த எந்த ஓவியருக்கும் தோன்ற வழியில்லை. நுவரெலியாப் பிள்ளைக்கு அதுதான் முதலில் தோன்றும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் புத்தகங்களில் தேவர்களும் அரசகுமாரிகளும் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. கிருஷ்ணனும் இராமனும் நீலம். கறுப்பும் மண்ணிறமும் பெரும்பாலும் அசுரருக்கும் அரக்கியருக்கும் வேடருக்கும். நந்தினி சந்திரா, கார்லைன் மக்லெய்ன் ஆகிய ஆய்வாளர்கள் இந்தப் புத்தகங்களைப் பற்றித் தனி நூல்களே எழுதியிருக்கிறார்கள். நிறத்தைப் பற்றிய விமர்சனம் இன்றும் ஓயவில்லை. ஆய்வு வாசிக்காமலே நமக்கு இது புரியும். மலையில் வெயிலிலும் மழையிலும் நின்று கொழுந்து பறிக்கும் அம்மாவின் நிறம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எட்டு வயதுப் பெண்பிள்ளை பார்க்காமல் இருக்குமா? வெள்ளையாக்கும் கிரீம் பூசி முகத்தோல் வெந்துபோய் வைத்தியசாலைக்கு வரும் பெண்பிள்ளைகளை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். அதற்குப் படக்கதை காரணம் என்று சொல்ல மாட்டேன். சினிமாவும் விளம்பரமும் கல்யாணத் தரகரும் செய்யும் வேலை அதைவிடப் பெரிது. ஆனாலும் சாமியின் நிறத்தைத் தீர்மானிக்கும் தூரிகை சும்மா ஒரு தூரிகை இல்லை.

இத்தனை குறை சொன்னாலும் அந்தப் புத்தகங்களை நான் தூக்கி எறிய மாட்டேன். எமனின் பின்னால் நடந்து நடந்து வாதாடி வென்ற சாவித்திரியை அவற்றில்தான் முதன்முதலாகக் கண்டேன். பாண்டிய மன்னன் சபையில் சிலம்போடு நின்ற கண்ணகியையும் அப்படியே.

அண்மைக் காலத்தில் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2006 அளவில் தொடங்கிய ஆங்கிலப் படக்கதை அலையில் நம் தெய்வங்களுக்கு ஹொலிவூட் உடம்பு வந்தது. உடற்கூற்றியல் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தசைகளில் சில மனிதருக்கும் இல்லை, தேவருக்கும் இருக்க நியாயமில்லை. இன்னொரு பக்கம் அமிர்தா பாட்டீல் 2012இல் ஆதி பர்வம் என்று மகாபாரதத்தை ஓவியமாகவே எழுதினார். அது பெரியவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது சென்னையில் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ் வெளியீடுகளை. சம்ஹிதா ஆர்ணி என்ற சிறுமி எட்டு வயதில் தொடங்கித் தானே எழுதித் தானே வரைந்த மகாபாரதத்தை அவர்கள் 1996இல் வெளியிட்டார்கள். கௌரவரும் பாண்டவரும் ஒரு பிள்ளையின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதே சம்ஹிதா வளர்ந்த பிறகு 2011இல் சீதையின் இராமாயணத்தை எழுதினார். படம் வங்காளத்துப் பட ஓவியக்காரியான மொய்னா சித்ரகார் வரைந்தது. மொய்னாவின் சமூகத்தார் துணிச்சுருளில் கதையை வரைந்து, சுருளை விரித்துக்கொண்டே பாட்டாகப் பாடுபவர்கள். போரைப் பார்த்துச் சீதை வருந்துகிறாள். அரக்கர் வீட்டு விதவைகளுக்காகவும் வருந்துகிறாள். அந்தப் புத்தகம் அமெரிக்காவில் நியூயோர்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியல் வரை போனது. பாட்டும் படமும் அறிந்த ஒரு கிராமத்துப் பெண்ணின் கையை நம்பி ஒரு பதிப்பகம் காசு போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது உதாரணம்.

இனி நமது மலைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும்.

நமது முன்னோர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தபோது கொண்டுவந்த சொத்தில் கள்ளப் பங்காளியோ கங்காணியோ எடுத்துக்கொள்ள முடியாதது கதை ஒன்றுதான். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்ற மூன்றும் தோட்டங்களில் தப்பு ஒலியோடு ஆடப்பட்டு வந்தன. வட்டகொடையில் ரயில் ஏறி இறங்கியவர்களுக்கு, மாசி மாதத்தில் கிரேட் வெஸ்டர்ன் மலைப் பக்கமிருந்து பனியோடு சேர்ந்து இறங்கும் தப்புச் சத்தம் மறந்திருக்காது. மூன்றாம் பிறை பார்த்துக் காமன் ஊன்றி, ஆமணக்குக் கம்பத்தை நட்டு, காப்புக் கட்டி விரதமிருந்து, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பார்கள். காமன் எரிந்த கதை அமர் சித்திரக் கதையிலும் இருக்கிறது, சிவ பார்வதி என்ற புத்தகத்தில். அங்கே அது தெய்வத் திருமணத்துக்கு முன் நடக்கும் ஒரு சம்பவம். நம் காமன் பொட்டலில் அது ரதியின் கதை. கணவனைத் தடுக்கிறாள், மன்றாடுகிறாள், எரிந்த பின் புலம்புகிறாள். ரதி வேஷம் கட்டுவது ஆண்தான். ஆனால் சுற்றி நின்று அழுவது பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள். வீட்டுக்காரரைக் காட்டிலும் கண்ணீரை அடக்கத் தெரிந்தவர்கள் அந்த ஒரு இரவில் அடக்குவதில்லை.

அருச்சுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த மரத்தை நட்டு, அருச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக மேலே ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் காத்திருப்பார்கள். பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழாக நிரப்பும் நீண்ட ஒற்றைக் கட்டமாக அதை வரையலாம். படக்கதை ஓவியர் ஒருவர் கண்டால் விடவே மாட்டார். கண்டவர்தான் இல்லை.

மூன்றாவதான பொன்னர் சங்கருக்கு மட்டும் ஓர் அதிசயம் நடந்தது. அதைச் செய்தவர் கனடாக்காரப் பெண்மணி ஒருவர். பிரெண்டா பெக் 1960களின் நடுவில் ஒக்ஸ்போர்ட் ஆய்வு மாணவியாகக் கொங்கு நாட்டில் காங்கேயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். அங்கே உடுக்கை அடித்துப் பல இரவுகளாகப் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை 1965இல் ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982இல் அதைப் பற்றி ஓர் ஆய்வு நூல் எழுதினார். 1992இல் கதை முழுவதையும் தமிழும் ஆங்கிலமுமாகச் சென்னை ஆசியவியல் நிறுவனம் வெளியிட்டது. சாதாரணமாக ஆய்வாளர்கள் அத்தோடு கையைக் கழுவிவிடுவார்கள். பெக் அம்மையார் விடவில்லை. இந்த நூற்றாண்டில், தமது முதிர்ந்த வயதில், ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகம் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு அதை 26 பகுதி அசைபடத் தொடராக்கினார். பொன்னிவள நாட்டின் கதை என்று அதற்குப் பெயர். அதனோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கான படக்கதைப் புத்தகங்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். டொரொன்டோவில் இருக்கும் அக்காமார் கேட்ட கேள்விக்கு விடை அவர்கள் ஊரிலேயே இருக்கிறது.

அந்தக் கதையில் பெண்பிள்ளைகளுக்கு இருக்கும் இடத்தைப் பாருங்கள். பிள்ளை வரம் கேட்டு உயர்ந்த தூணின் மேல் 21 ஆண்டு தவம் இருப்பவள் தாமரை என்ற பெண். அருச்சுனனுக்கு ஒரு தபசு மரம் என்றால் தாமரைக்கு ஒரு தூண். பொன்னருக்கும் சங்கருக்கும் கூடப் பிறந்த தங்கை காட்டுக் கிளிகளைக் கேட்பதால் கதை திரும்புகிறது. கொம்பன் என்ற பெரிய காட்டுப்பன்றியை வீழ்த்த வழிசெய்வது பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெண் நாய். கடைசியில் படுகளத்தில் இறந்து கிடக்கும் அண்ணன்மாரைத் தேடிப் போய்ச் சிறிது நேரத்துக்கேனும் எழுப்புபவள் அந்தத் தங்கைதான். மணப்பாறைக்குப் பக்கத்தில் வீரப்பூரில் இன்றைக்கும் மாசியில் விழா எடுப்பது அவர்களுக்குத்தான்.

எனக்கு அதில் ஒரு நெருடலும் உண்டு. பொன்னர் சங்கர் நிலமுடைய வீட்டுப் பிள்ளைகள். எதிரே நிற்பவர் காட்டு வேடர். தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், தப்படித்தவர்கள், ஊரில் கோயிலுக்குள் போக முடியாதிருந்தவர்கள். அவர்கள் இந்தக் கதையை ஏன் கடல் தாண்டிச் சுமந்து வந்தார்கள்? அண்ணன்மாருக்கு வலக்கையாக நிற்கும் சாம்புகனுக்காக என்று ஒருவர் சொல்லலாம். தங்கைக்காக என்பது என் எண்ணம். ஆதாரம் கேட்டால் கூத்தில் எந்த இடத்தில் சனம் எழுந்து நிற்கிறது என்பதைத்தான் காட்டுவேன். கொங்கு நாட்டுப் பாடகர் பாடியதும் நம் தோட்டத்து வாத்தியார் பாடியதும் ஒரே கதையாக இருக்க முடியாது. தோட்டத்துப் பாடத்தில் யாருக்கு எவ்வளவு பாட்டு, வேடர் எப்படிப் பேசுகிறார்கள், கோமாளி யாரைக் கிண்டல் பண்ணுகிறார் என்பதெல்லாம் நம்முடைய வரலாறு. பெக் அம்மையாரின் புத்தகம் அதைச் சொல்லாது. சொல்ல வேண்டியது அவருடைய கடமையும் இல்லை.

2023இல் மலையகம் இருநூறு ஆண்டு என்று ஊர்வலமும் கூட்டமும் வைத்தோம். கூத்தைப் பற்றி மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு வாசிக்க அது உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு ரதி புலம்பலைக் கட்டம் கட்டமாகக் காட்டும் புத்தகத்தைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். செய்வதற்கு மலைப்பான வேலையல்ல. 32 பக்கம் போதும். மண்ணிற முகத்தோடு ஒரு ரதி. பின்னணியில் லயமும் தேயிலை மலையும். கட்டத்துக்குள் பாட்டு வரி. வரையத் தெரிந்த பிள்ளைகள் நமது பாடசாலையிலேயே இருக்கிறார்கள். சித்திரம் படித்து வெளியேறிய பழைய மாணவியரும் இருக்கிறார்கள். அச்சுச் செலவு பெரிய பொருட்டல்ல. இந்த மலருக்கு நாம் சேர்த்த பணத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

கிடைக்காதது பாட்டுத்தான். கூத்து வாத்தியார்மார் பாட்டுகளைக் கொப்பியில் எழுதி வைத்திருப்பார்கள். 80 பக்கக் கொப்பி, நடுவில் கோந்து போட்டு ஒட்டிய தாள்கள், பென்சிலால் குறித்த தாளக் கணக்கு. வாத்தியார் போன பிறகு அது டிரங்குப் பெட்டிக்குள் போகும். வீடு மாறும்போது பெட்டியோடு போகும், அல்லது மழையில் நனைந்து போகும். உங்கள் தாத்தாவோ, பெரியப்பாவோ, மாமாவோ காமன் கூத்திலோ பொன்னர் சங்கரிலோ பாடியவரானால் இந்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கொப்பி இருந்தால் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துச் சங்கத்தின் செயலாளருக்கு அனுப்புங்கள். எழுத்து விளங்காவிட்டாலும் பரவாயில்லை, டொக்டர் எழுத்து வாசித்துப் பழகியவள் நான் ஒருத்தி இருக்கிறேன். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் எந்த வேஷம் கட்டினார் என்பதையும் கூட எழுதி விடுங்கள்.